வண்டிக்குத் தெரியும், நமக்குச் சொல்லாது: பழைய ஹைப்ரிட் பற்றிச் சில குறிப்புகள்

மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். புதிதாக அமெரிக்கா வந்த தம்பிகள்தான் அதிகம். "அண்ணா, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஹைப்ரிட் வருது. வாங்கலாமா? பேட்டரி போயிடும்னு பயமுறுத்துறாங்களே?"

நான் டல்லாஸ் பக்கம் பத்து வருடமாக ஒரு பழைய ஹைப்ரிட் செடான் ஓட்டுகிறேன் என்பது தெரிந்துதான் கேட்கிறார்கள். இத்தனை நாள் "தாராளமா வாங்குப்பா" என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் என் வண்டியை விற்கப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் பதிலில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது என்று உறைத்தது. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு வண்டியை வைத்து ஒரு கம்பெனியைப் புகழ்வதும் தப்பு, திட்டுவதும் தப்பு. 2010 மாடல், நாலு சிலிண்டர், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. 2014-இல் 61,000 மைலில் வாங்கினேன். இன்றைக்கு 1,87,000 மைல். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இரண்டு கட்சிகள்

பழைய ஹைப்ரிட் பற்றி நெட்டில் தேடினால் இரண்டு கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது தெரியும்.

"ஒண்ணும் ஆகாது" கட்சி எப்போதும் காட்டுவது 2011-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை செய்த சோதனை. சுமார் 2,06,000 மைல் ஓடிய 2002 மாடல் ப்ரியஸ் ஒன்றை எடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். பத்து வருடம் முன்பு 2,000 மைல் மட்டுமே ஓடியிருந்த 2001 மாடலை அவர்களே சோதித்த கணக்கு கையில் இருந்தது. புதுசு கேலனுக்கு 40.6 மைல், பழசு 40.4 மைல். வித்தியாசமே இல்லை எனலாம்.

"ஐயோ வேண்டாம்" கட்சி காட்டுவது ஹெதர் பீட்டர்ஸ் வழக்கு. 2006 ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வைத்திருந்தவர், முன்னாள் வழக்கறிஞர். விளம்பரத்தில் சொன்ன 50 மைல் பக்கம் வண்டி போகவே இல்லை, பேட்டரி தளர்ந்த பிறகு 30-க்கு இறங்கிவிட்டது என்று கலிஃபோர்னியாவில் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனார். 2012 பிப்ரவரியில் 9,867 டாலர் தீர்ப்பாகி, பேப்பரெல்லாம் செய்தி. அந்தக் கட்சிக்காரர்கள் சொல்லாமல் விடுவது, அதே வருடம் மே மாதம் மேல்முறையீட்டில் தீர்ப்பு தள்ளுபடியானது.

இரண்டுமே உண்மை. இரண்டையும் வைத்து நாம் ஒரு முடிவுக்கும் வர முடியாது. இரண்டு லட்சம் மைல் ஓடிய வண்டியைத் தேடிப் பிடித்துச் சோதித்தால், அது ஏற்கெனவே பிழைத்துவந்த வண்டி. ஒன்றரை லட்சத்தில் பேட்டரி போய் பழைய இரும்புக்குப் போனவை அந்தச் சோதனைக்கு வந்திருக்கவே முடியாது. நூறு வயது தாத்தாவைப் பார்த்து "எல்லாரும் நூறு வயசு இருப்பாங்க" என்று சொல்கிற கதைதான். பீட்டர்ஸ் வழக்கும் ஒரே வண்டியின் கதைதான். என்னுடையதும் அப்படித்தான் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

ஆனால் அந்த வழக்கில் ஒரு மென்பொருள்காரனுக்கு ரொம்ப சுவாரசியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த மாடல் வண்டிகளுக்கு பேட்டரி ஆயுளை நீட்டிக்க ஒரு சாஃப்ட்வேர் அப்டேட் வந்தது. அதைப் போட்ட பிறகு மைலேஜ் இறங்கிவிட்டது என்பது உரிமையாளர்கள் பலரின் புகார். யோசித்துப் பாருங்கள். பேட்டரியைக் கசக்கிப் பிழிந்தால் மைலேஜ் கூடும், ஆயுள் குறையும். தாங்கித் தாங்கிப் பயன்படுத்தினால் ஆயுள் கூடும், மைலேஜ் குறையும். எந்தப் பக்கம் சாய்வது என்பதை ஒரு புரோகிராம் முடிவு செய்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரருக்கு அதில் பேச்சே கிடையாது, பெரும்பாலும் நடந்ததே தெரியாது. "பேட்டரி போகுமா போகாதா" என்பதைவிட, "அது போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரியுமா" என்பதுதான் சரியான கேள்வி என்று இப்போது நினைக்கிறேன்.

எண்களை நம்பிய கதை

நான் வண்டி வாங்கியது மைலேஜுக்காகத்தான். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் எக்ஸெல்லில் எழுதிவருகிறேன். டாஷ்போர்டு சராசரியாக 37 காட்டுகிறது. பங்கில் போட்ட கேலனால் ஓடிய மைலை வகுத்தால் 35. லிட்டருக்கு சுமார் 15 கிலோமீட்டர். டாஷ்போர்டு கொஞ்சம் தாராளமாகப் பேசும் என்பது முதல் பாடம்.

அரசு ஸ்டிக்கரும் வேதவாக்கு இல்லை. 2008 மாடலிலிருந்து இ.பி.ஏ. தன் கணக்கு முறையை மாற்றியது. வேகமான ஓட்டம், ஏசி, குளிர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. பழைய முறையில் நகருக்குள் 60, ஹைவேயில் 51 என்றிருந்த ப்ரியஸ் புது முறையில் 48, 45 ஆனது. வண்டி அதேதான், அளவுகோல்தான் மாறியது. அதற்குப் பிறகும் 2014-இல் ஃபோர்டு, ஃப்யூஷன் ஹைப்ரிடின் எண்ணை 47-லிருந்து 42-க்குத் தானே இறக்க வேண்டிவந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் "கேலனுக்கு இத்தனை மைல்" என்ற அளவிலேயே இருக்கிறது. லேரிக், சோல் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் சயன்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். இந்த எண்ணைப் பார்த்து நம் மூளை சேமிப்பைத் தப்பாகக் கணக்கிடுகிறது என்பது அவர்கள் கண்டது. 10,000 மைல் ஓட்டினால், 15-லிருந்து 20-க்குப் போவதில் 167 கேலன் மிச்சம். 40-லிருந்து 50-க்குப் போவதில் வெறும் 50 கேலன். நம் கண்ணுக்கோ இரண்டாவதுதான் பெரிய தாவல் மாதிரி தெரியும்.

என் கணக்கை அதே மாதிரி திருப்பிப் போட்டேன். என் அளவு சாதா செடான் கேலனுக்கு 26 மைல் தரும் என்று வைத்துக்கொண்டால், 100 மைலுக்கு 3.85 கேலன். எனக்கு 2.86. ஆக 100 மைலுக்கு ஒரு கேலன் மிச்சம், அவ்வளவுதான். 1,26,000 மைலுக்கு 1,246 கேலன். நான் கொடுத்த சராசரி விலை கேலனுக்கு 2.70 டாலர். மொத்தம் 3,364 டாலர். பத்து வருடத்துக்கு! இந்தத் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

2020 ஆகஸ்ட்

டல்லாஸ் ஆகஸ்ட் பற்றித் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். வெளியே 104 டிகிரி. மனைவியும் பெண்ணும் ஹைவேயில் போய்க்கொண்டிருந்தார்கள். டாஷ்போர்டில் எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு ஃபோன் செய்தாள். இழுவை வண்டி வர ஒன்றரை மணி நேரம். நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஒரு மேம்பாலத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். பெண்ணின் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. மனைவி கேட்டது ஒரே கேள்வி: "ஆறு வருஷமா அந்த எக்ஸெல்ல என்னதான் எழுதுறீங்க?"

பதில் இல்லை. அன்று ராத்திரி அந்த எக்ஸெல்லைத் திறந்து பார்த்தேன். 2018 கோடையிலிருந்து மைலேஜ் 35-லிருந்து மெல்ல 32-க்கு இறங்கியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் என் கையாலேயே "ஏசி", "புது டயர்", "டிராஃபிக்" என்று சமாதானம் எழுதிவைத்திருக்கிறேன். தரவு இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

வண்டி போன சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிவிட்டு "பி0ஏ80" என்றார்கள். பேட்டரியை மாற்றச் சொல்லும் கோட் அது. 3,800 டாலர். ஒரு நாள் அவகாசம் கேட்டு வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்தேன். இருபது டாலர் ஓபிடி அடாப்டர் ஒன்றும் ஃபோனில் ஒரு ஆப்பும் வைத்து நானே பார்த்தேன்.

இங்கே கொஞ்சம் டெக்னிக்கல். இந்த வகை பேட்டரி ஒரே பெட்டி மாதிரி தெரிந்தாலும் உள்ளே வரிசையாகச் சிறு மாட்யூல்கள். உதாரணத்துக்கு 2004 முதல் 2009 வரை வந்த ப்ரியஸில் 28 மாட்யூல், ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். வண்டிக் கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 கட்டங்களாக அளந்துகொண்டே இருக்கும். என்னுடையதிலும் இதே ஏற்பாடுதான். ஆப்பில் எல்லாக் கட்டங்களும் ஒன்றுபோல் நிற்க, நடுவில் ஒன்று மட்டும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுந்தது. நடுவில் இருப்பவற்றுக்குச் சூடு வெளியேற வழி குறைவு, பெரும்பாலும் அவைதான் முதலில் சாகும்.

சூடு ஏன்? பின்சீட்டை ஒட்டி இருக்கும் காற்றுத்துளையைக் கழற்றினேன். பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அதன் வழியாகத்தான் காருக்குள் இருக்கும் காற்றை இழுக்கிறது. உள்ளே ஒரு கம்பளி மாதிரி முடி அடைத்திருந்தது. நாய் முடி. எங்கள் வீட்டில் நாயே கிடையாது. எனக்கு முன்னால் வண்டி வைத்திருந்தவர் வீட்டு நாய்! ஆறு வருடம் அந்த முடியோடு டெக்ஸஸ் கோடைகளில் ஓட்டியிருக்கிறேன். வாக்குவம் கிளீனரோடு இருபது நிமிட வேலை அது. வாங்கிய அன்றே செய்திருந்தால் பேட்டரி பிழைத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது, வயசும் ஆகியிருந்தது. ஆனால் சர்வீஸ் சென்டரிலும் சரி, வண்டியை விற்ற டீலரிடமும் சரி, யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு சின்ன கராஜில் செத்த கட்டத்தின் இரண்டு மாட்யூலை மட்டும் மாற்றினோம். 420 டாலர். (200 வோல்ட்டுக்கு மேல், நீங்களே கைவைக்காதீர்கள். நான் தள்ளி நின்று பார்த்ததோடு சரி.) விளக்கு அணைந்தது, வண்டி ஜம்மென்று ஓடியது. கராஜ்காரர் நேர்மையானவர். "ஒரு வருஷம் வரும். அப்புறம் அடுத்தது போகும்" என்றார். பதினாலு மாதத்தில் அடுத்தது போனது. கடைசியில் 2,600 டாலருக்கு முழு பேட்டரி புதுசு. "மொத்தமா மாத்துங்க" என்ற சர்வீஸ் சென்டர்க்காரர்கள் சொன்னதுதான் சரியாகப் போயிற்று என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இப்போது கணக்கு. மிச்சம் 3,364. பேட்டரிச் செலவு 3,020. நிற்பது 344 டாலர், மாதத்துக்கு மூன்று டாலர்கூட இல்லை. வாங்கும்போது சாதா மாடலைவிட 1,000 டாலர் கூடக் கொடுத்தேன் என்பதையும் கழித்தால் நஷ்டம். இந்த வகை வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர், கிளட்ச் எதுவும் கிடையாது. பிரேக் பேட் 1,50,000 மைலில்தான் முதல் முறை மாற்றினேன். அதையெல்லாம் சேர்த்து "போட்டது வந்துவிட்டது" என்று வைத்துக்கொள்கிறேன். எரிக்காமல் விட்ட பெட்ரோல் மட்டும் உண்மையான மிச்சம். கேலனுக்கு 8.89 கிலோ என்ற இ.பி.ஏ. கணக்கில் சுமார் 11 டன் கரியமில வாயு.

என் புகார் என்ன?

பேட்டரி போனது என் புகார் இல்லை. எல்லாப் பேட்டரியும் போகும். எந்தக் கட்டம் தளர்கிறது என்று வண்டிக் கணினிக்கு நொடிக்கு நொடி தெரியும். அது ஓட்டுபவருக்குச் சொல்வதில்லை. பேட்டரியின் கொள்ளளவு குறைந்தால் என்ஜினைக் கூடுதலாக ஓடவிட்டுச் சமாளித்துக்கொள்கிறது. திரையில் அதே அழகான அம்புக்குறிகள், அதே பச்சைக் கட்டைகள். கடைசி நாளில் ஒரு முக்கோணம். இப்படி ஒரு சிஸ்டத்தை நான் ஆபீசில் டிசைன் செய்தால் ரெவ்யூவிலேயே கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

முடியாத காரியமா? நிசான் லீஃப் ஆரம்பத்திலிருந்தே பேட்டரியில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று பன்னிரண்டு கட்டைகளில் காட்டுகிறது. செகண்ட் ஹேண்ட் லீஃப் வாங்குகிறவர் முதலில் கேட்பதே "எத்தனை கட்டை இருக்கு?" என்றுதான். கலிஃபோர்னியா 2022-இல் ஏற்றுக்கொண்ட விதிகள், 2026 மாடல் முதல் மின்சார கார்கள் பேட்டரியின் நிலையை ஓட்டுநருக்கே காட்ட வேண்டும் என்றன. சாதா ஹைப்ரிட் அந்த விதியில் வரவில்லை.

சட்டத்துக்கும் இது புதுசில்லை. ஓடோமீட்டரைத் திருப்பி வைத்து ஏமாற்றியதால்தான், 1972-லேயே அமெரிக்காவில் விற்பவர் மைலை எழுத்தில் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. விற்பவருக்குத் தெரிந்ததை வாங்குபவருக்கும் தெரியவை என்பதுதானே அதன் சாரம். பேட்டரிக்கு அப்படி எதுவும் கிடையாது.

விற்கப் போன கதை

மாட்யூல் மாற்றி வண்டி நன்றாக ஓடிய அந்தப் பதினாலு மாதத்தில், 2021 தொடக்கத்தில், ஒரு தம்பி வண்டி கேட்டு வந்தான். திருநெல்வேலிப் பக்கம், நண்பரின் மைத்துனன், புது வேலை. ஓட்டிப் பார்த்தான், பிடித்துவிட்டது. 5,000 டாலருக்குப் பேசி முடித்தோம். அவனுக்குப் பேட்டரி கதை தெரியாது. எந்த விளக்கும் எரியவில்லை, எந்தக் கோடும் இல்லை, எதையும் சொல்ல எனக்குக் கடமை இருந்ததா என்பதுகூடத் தெளிவில்லை. இரண்டு நாள் சொல்லாமல்தான் இருந்தேன். அந்த இரண்டு நாளும் "கேட்டா சொல்லலாம்" என்றே மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கேட்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் அவன் "அண்ணா, பணம் ரெடி" என்று ஃபோன் செய்தபோது மேம்பாலம் ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன்.

அவன் வாங்கவில்லை. வேறொருவரிடம் அதே வயசுள்ள இன்னொரு ஹைப்ரிட் வாங்கினான். அந்த ஆள் பேட்டரி பற்றி எதுவும் சொல்லவில்லையாம், இவனும் கேட்கவில்லை. அந்த வண்டி இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது!

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்கர்கள் மோசமான காரை "லெமன்" என்பார்கள். அந்த எலுமிச்சைச் சந்தையைப் பற்றியது. 2001-இல் நோபல் பெற்றார். சாரம் சிம்பிள். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்கமாட்டார். நல்லவை சந்தையை விட்டு விலக, மிச்சம் இருப்பவை மேலும் மோசமாகும்.

காலேஜில் படிக்காத இந்தப் பாடத்தைப் போன மாதம் நேரிலேயே படித்தேன். இப்போது என் வண்டியில் மூன்று வருடப் புது பேட்டரி. வண்டி வாங்கும் கம்பெனி ஒன்றின் ஆன்லைன் படிவத்தை நிரப்பினேன். மைல், விபத்து, கீறல், டயர், சிகரெட் வாசனை வரை கேட்டது. பேட்டரி எப்போது மாற்றியது என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. விலை 2,100 டாலர் என்று வந்தது. ஒட்டுப்போட்ட பேட்டரியோடு இருந்திருந்தாலும் இதே 2,100 தான் வந்திருக்கும். அகர்லாஃப் சொன்ன மாதிரியே, நான் விற்கவில்லை. நல்ல வண்டி ஒன்று சந்தையை விட்டு விலகிவிட்டது.

சரி, வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வண்டி சொல்லாததை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஓபிடி அடாப்டர் ஒன்று எடுத்துப் போங்கள். 1996-க்குப் பிந்தைய எல்லாக் காரிலும் அந்தச் சாக்கெட் இருக்கும். அந்த வண்டியின் ஹைப்ரிட் தகவல்களைப் படிக்கும் ஆப்பை முந்தின நாளே தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது எல்லாக் கட்டங்களும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா, ஒன்று மட்டும் தனியாக விழுகிறதா என்று பாருங்கள். "ரெடினஸ்" சோதனைகள் முடியாமல் நின்றால், யாரோ அண்மையில் கோடை அழித்திருக்கலாம், அல்லது 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று கேளுங்கள். திரையில் சார்ஜ் கட்டைகள் சில நிமிடத்தில் அடியிலிருந்து உச்சிக்குத் தாவினால் கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம். பின்சீட்டுக் காற்றுத்துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். முடி இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். பேட்டரியே மாற்ற வேண்டிவந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தப் பணத்தையும் சேர்த்து விலையாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் கட்டுப்படியானால் வாங்குங்கள்.

நான் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கட்டங்களின் வோல்ட்டேஜையும் பிரிண்ட் எடுத்து, பேட்டரி ரசீதோடு டாஷ்போர்டு பெட்டியில் வைக்கிறேன். எனக்குப் பிறகு இந்த வண்டியை வாங்குகிறவர் கேட்காவிட்டாலும் அது அங்கே இருக்கும். எக்ஸெல்லிலும் புதுசாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். போன வாரம் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதையாவது படிப்பீங்களா?" என்றாள். படிக்கிறேன்.